பாதி நர்ஸுக்கும் வேலை உண்டு

1943-ஆம் வருஷம் ஐப்பசி மாதம், ஒரே வாரத்தில் நீலாவதிக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று செரம்பான் ஆஸ்பத்திரியிலிருந்து. நர்ஸ் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறோம், ஒரு வருஷப் படிப்பு, தங்க இடமும் அரிசிப் பங்கீடும் உண்டு என்று அதில் இருந்தது. மற்றது சியோனானிலிருந்து வந்தது. சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பான்காரர்கள் அந்த ஊருக்கு அப்படித்தான் பெயர் மாற்றியிருந்தார்கள். அங்கே புதிதாகத் திறந்திருந்த மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது.

அவளுடைய அப்பா கணேசமூர்த்தி, லாபு பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டிரெஸ்ஸர், அதாவது மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவர். பத்துக் கட்டில் போட்ட தகரக் கூரை ஆஸ்பத்திரிக்கு இருபத்தாறு வருஷமாக அவர்தான் எல்லாமும். சண்டைக்கு முன்னால் மாதம் இரண்டு தடவை வெள்ளைக்கார டாக்டர் காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார். இப்போது டாக்டர் சிறையில் இருந்தார், தோட்டத்துத் துரை ஓடிப்போயிருந்தார், மருந்து அலமாரியில் மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா தீர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

கணேசமூர்த்தி செரம்பான் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சியோனான் கடிதத்தை மட்டும் கணக்கு எழுதும் கிராணியின் ஆபீஸில் ஒரு தடவை, ஆட்களை வேலை வாங்கும் மண்டோரிடம் ஒரு தடவை, வீட்டு வாசலில் ஒரு தடவை வாசித்தார்.

"கேட்டியா மயிலு? நம்ம பொண்ணு டாக்டரு!"

மயிலம்மாள் மரவள்ளிக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். "கேட்டேங்க. இன்னொரு கடுதாசி என்ன சொல்லுது?"

"அது நர்ஸு வேல. அத விடு."

நீலாவதி கையை நீட்டினாள். "குடுங்கப்பா. அதுவும் எனக்குத்தானே வந்துச்சு."

அவளுக்கு வயது பத்தொன்பது. சண்டை வருவதற்கு முந்தின வருஷம் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவள். தோட்டத்தில் அந்தப் பரீட்சை எழுதிய பெண் வேறு யாரும் இல்லை. சண்டை வந்த பிறகு இரண்டு வருஷமாக, வெட்டிச் சாய்த்த ரப்பர் மரங்களுக்கு நடுவே மற்றவர்களோடு மரவள்ளி நட்டாள், சாயங்காலத்தில் நிப்போங்கோ என்ற ஜப்பான் பாஷை எழுத்து படித்தாள், அப்பாவின் நோட்டில் நோயாளிகளின் பெயர் எழுதிக் கொடுத்தாள். கட்டுப் பிரிக்கிற இடத்துக்கு மட்டும் அவர் அவளை விட்டதில்லை. படித்த பெண்ணின் கைக்கு அது வேலை இல்லை என்பது அவர் எண்ணம்.

இரண்டு கடிதங்களையும் நிதானமாகப் படித்துவிட்டு அவள் சொன்னாள். "ரெண்டையும் போய்ப் பார்க்கணும்பா."

"பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

"கடுதாசியில எல்லாமே நல்லாத்தான் இருக்கும். நேர்ல பார்த்தாத்தானே தெரியும் லா. செரம்பான் பக்கம்தானே, மொதல்ல அதப் பார்ப்போம். அப்புறம் சியோனான்."

கணேசமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீட்டுக் கிடைத்த பிறகு ஆள் இந்த மாதிரிப் பேசுவதை அவர் கேட்டதில்லை. சரி என்றார். செரம்பானைப் பார்த்தால் அவளே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

*

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அப்பா சைக்கிள் மிதிக்க, பின் கேரியரில் உட்கார்ந்து போனாள். டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் தண்ணீர்க் குழாயை வெட்டிச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். எட்டு மைலும் இடுப்பை உலுக்கி எடுத்தது. பாலத்துக் காவலில் இறங்கி, ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கி, மறுபடி ஏறினார்கள்.

ஆஸ்பத்திரியில் மிஸ் லியோங் என்ற சீனப் பெண்மணி தலைமை நர்ஸாக இருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கைகள் மட்டும் ஆண்பிள்ளைக் கைகள் போலப் பெரியவை. ஆங்கிலம் பேசினால் யார் காதில் விழுமோ என்று பயந்த நாட்கள் அவை. அவள் மலாயிலேயே கேட்டாள்.

"வேலையில் சேர வந்தாயா?"

"பார்த்துவிட்டுப் போக வந்தேன்."

மிஸ் லியோங் புருவத்தை உயர்த்தினாள். "அப்படியானால் வந்து பார்."

உள்ளே இரண்டு வரிசையில் நாற்பது பேர் கிடந்தார்கள். பாதிக்கு மேல் தோட்டத்து ஆட்கள். எல்லோர் காலிலும் புண். சத்தில்லாத உடம்பில் ஒரு கீறல் பட்டால் போதும், பத்தே நாளில் உள்ளங்கை அகலத்துக்கு அழுகிவிடும். பழைய துணிகளைக் கட்டுப் போடும் அளவுக்குக் கிழித்து, எண்ணெய் டின்னில் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டில் ஒன்றில் ஒரு கிழவர் தமிழில் ஏதோ கெஞ்சினார். பக்கத்தில் நின்ற மலாய்க்கார உதவிப் பையன் புரியாமல் தண்ணீர்க் குவளையை நீட்டினான்.

"தண்ணி கேக்கலைங்க இவரு. கால மடக்கி வைக்கச் சொல்றாரு" என்றாள் நீலாவதி. பிறகு அதையே மலாயில் சொன்னாள்.

"அப்படியே அந்தக் காலைப் பிடி" என்றாள் மிஸ் லியோங்.

அவள் பிடித்தாள். கட்டைப் பிரித்ததும் எழுந்த நாற்றத்தில் கண் இருட்டியது. புண்ணைச் சுரண்டி உப்புத் தண்ணீரால் கழுவி முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே ஓடிப்போய்ச் சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பி வந்து, "அடுத்தது யாரு?" என்று கேட்டாள்.

மிஸ் லியோங் சிரிக்கவில்லை. அடுத்த கட்டிலைக் காட்டினாள்.

வீடு திரும்பும் வழியில் கணேசமூர்த்தி பொரிந்து தள்ளினார். "புண்ணு கழுவுறதுக்கா சீனியர் கேம்பிரிட்ஜ் படிச்ச? அந்தம்மா ஒன்னைய உக்காரக்கூடச் சொல்லல."

"அவங்களும் உக்காரலயேப்பா" என்றாள் நீலாவதி.

*

பயண அனுமதி வாங்க இரண்டு வாரம் ஆயிற்று. சியோனானுக்கு ரயிலில் போனார்கள். வண்டி அங்கங்கே நின்று நின்று போய்ச் சேர ஒரு பகலும் ஓர் இரவும் பிடித்தது.

சியோனான் அவளை ஏமாற்றவில்லை. கல்லூரிக் கட்டடத்தின் நீண்ட தாழ்வாரங்களும் படிப்படியாக உயரும் பெஞ்சுகளும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசை வரிசையாக எலும்புகளும் அவளை வாயடைக்க வைத்தன. மலாய், சீனம், தமிழ் என்று எல்லா இனத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். சண்டைக்கு முன்பே இரண்டு வருஷம் மருத்துவம் படித்து, பாதியில் நின்று, இப்போது மறுபடி சேர்ந்திருந்த ஹிதாயத்துல்லா என்ற பினாங்குக்காரன் அவர்களைச் சுற்றிக் காட்டினான். மைக்ராஸ்கோப் வழியாக மலேரியாக் கிருமியைப் பார்க்கச் சொன்னான். நீலாவதி கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தாள். தோட்டத்தில் பிள்ளைகளை நடுங்க வைத்துக் கொல்லுவது இந்தப் பொட்டுத்தானா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இங்க படிப்பு எப்படிங்க? உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டாள்.

ஹிதாயத்துல்லா மறைக்காமல் சொன்னான். "பெரிய படிப்புத்தான். சொல்லிக் குடுக்கிறவங்க கெட்டிக்காரங்க, அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆனா புதுசா சேர்றவங்களுக்கு மொத வருஷம் பாதி நேரம் நிப்போங்கோதான் ஓடும். நோயாளி பக்கத்துல போக மூணு வருஷம் ஆகும்."

"மூணு வருஷமா?"

"சண்டைக்கு முன்னாடியும் அப்படித்தாங்க. டாக்டர்னா சும்மாவா?"

அப்பா பெருமையோடு தலையை ஆட்டினார். அங்கிருந்து சிராங்கூன் ரோட்டுக்குப் போனார்கள். அப்பாவின் சித்தப்பா மகன் சன்னாசி அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். நீலாவதி தங்கிப் படிக்க அவருடைய வீட்டைத்தான் அப்பா மனதில் வைத்திருந்தார். சன்னாசி நல்ல மனிதர். வந்தவர்களுக்குச் சோறே போட்டார். அந்தச் சோற்றைக் காட்டித்தான் பேச்சையும் தொடங்கினார்.

"இந்த அரிசி கள்ள மார்க்கெட்டுல வாங்குனதுண்ணே. நெதம் வெல ஏறுது. பொண்ணு நம்ம பொண்ணுதான், இல்லேங்கல. ஆனா இந்த வாழமரம் போட்ட ஜப்பான் நோட்டு எனக்கு வேணாம். இன்னிக்கு மூட்டை வாங்குற நோட்டு அடுத்த மாசம் படி வாங்காது. வருஷத்துக்கு எட்டுப் பவுன். பவுனாவே குடுத்துடுங்க. லாபத்துக்குக் கேக்கல, நான் ஆறு பேருக்குச் சோறு போடுறவன்."

கணேசமூர்த்தி யோசிக்கவே இல்லை. "சரி தம்பி" என்றார்.

அம்மாவிடம் இருந்தது மொத்தம் பதினாலு பவுன். நீலாவதிக்கு அது தெரியும்.

*

திரும்பி வரும்போது கெமாஸ் ஸ்டேஷனில் வண்டி நெடுநேரம் நின்றது. வெயில் ஏறியிருந்தது. பெட்டியில் ஆட்கள் குறைவு. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து, தை பிறந்ததும் கிளம்புவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த ரயில், யார் துணை, எத்தனை புடவை.

"அப்பா, நான் செரம்பானுக்கே போறேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏன்? பவுனுக்காகவா? அத நான் பாத்துக்குறேன். மொத வருஷம் எட்டு குடுப்போம், அடுத்ததுக்கு ஏதாவது வழி வரும்."

"வராட்டி? ரெண்டாவது வருஷம் பாதியில நின்னா என் கையில என்னப்பா இருக்கும்? பாதி டாக்டர்னு ஒருத்தி கெடையாது. செரம்பான்ல பாதியில நின்னாக்கூட பாதி நர்ஸுக்கு வேல இருக்கு. நாளைக்கே இருக்கு."

"காசு இருந்தா போயிருப்பியா?"

பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை. "போயிருக்கலாம்பா. அந்தக் கல்லூரி எனக்குப் புடிச்சிருந்துச்சு. ஆனா இப்ப சண்ட நடக்குது. நம்ம லயத்து வீடுகள்ல பாதிப் பேரச் சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. மிச்சம் இருக்குறவங்க காலு அழுகிக் கெடக்குறாங்க. நான் மூணு வருஷம் எலும்ப எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கணும். எனக்கு அவ்வளவு பொறும இல்லப்பா."

கணேசமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்தார். "இருபத்தாறு வருஷம்மா. டாக்டர் கார் வந்து நின்னா ஓடிப்போய்க் கதவத் தொறந்து விட்டவன் நான். என் மக எறங்குறப்போ இன்னொருத்தன் வந்து தொறக்கணும்னு நெனச்சேன். தப்பா?"

"தப்பில்லப்பா. நல்ல ஆசதான். ஆனா படிக்கப் போறது நான்."

லாபுவில் இறங்கியதும் அவளுக்காக நிற்காமல் அவர் முன்னால் நடந்தார்.

வீட்டில் மயிலம்மாள் வேறு விதமாக இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போய் நகைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மகள் மடியில் வைத்தாள். "இது ஒங்கப்பாவோடது இல்ல, என்னோடது. பயந்துகிட்டு செரம்பான்னு சொல்றியா? அப்படின்னா இந்தா, சியோனானுக்குப் போ. அப்புறம் நான் குடுக்கலேன்னு யாரும் சொல்லக் கூடாது."

"பயந்து சொல்லலம்மா. எனக்கு அது வேணும்."

மயிலம்மாள் மகளின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப சரி. அவருகிட்ட நான் பேச மாட்டேன். நீயே பேசிக்க."

பேசுவதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. அவள் செரம்பானுக்குக் கிளம்பிய காலையில், ஆஸ்பத்திரியில் வேலை இருக்கிறது என்று விடியும் முன்பே போய்விட்டார். கிராணி ஆபீஸ் பக்கம் போவதையும் நிறுத்திக்கொண்டார். போனால் யாராவது சியோனான் எப்போது என்று கேட்பார்கள்.

*

இரண்டு மாதம் ஓடிற்று. அந்த இரண்டு மாதத்தில் நீலாவதி முந்நூறு கட்டுகளாவது பிரித்திருப்பாள். எந்தப் புண் மேலோட்டமானது, எது எலும்பு வரை போய்விட்டது என்பது வாசனையிலேயே பிடிபட்டது. எந்த உடம்புக்கு மருந்தைவிடத் தவிடும் பயறும் முக்கியம் என்று பார்த்துச் சொல்லப் பழகினாள். சுரண்டும் கருவிகள் தேய்ந்து போனதால், மிஸ் லியோங் காப்பிக் கரண்டிகளின் விளிம்பைத் தீட்டி வைத்திருந்தாள். அவற்றில் ஒன்று நீலாவதியுடையது ஆயிற்று. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்குப் போனாள். அப்பா, "சாப்பிட்டியா?" என்பதோடு முடித்துக்கொள்வார்.

தை மாதம் ஒரு நாள், மத்தியான நேரம். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வைக்கோல் மேல் ஒரு பெண் படுத்திருந்தாள். வண்டியிலிருந்து முதலில் இறங்கியவர் கணேசமூர்த்தி.

வராந்தாவில் ஏறியவர், நோயாளியை ஒப்படைக்க ஆள் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். ஆஸ்பத்திரி டாக்டர் கோலா பிலா ஊருக்குப் போயிருந்தார். மிஸ் லியோங் பிரசவ வார்டில் இருந்தாள். வெள்ளை உடுப்பில் நீலாவதிதான் வெளியே வந்தாள்.

"பெரிய நர்ஸு இல்லயா?"

"வருவாங்க. நீங்க சொல்லுங்க."

அவர் தயங்கினார். வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். வெள்ளைக்கார டாக்டரிடம் இத்தனை வருஷம் எப்படிச் சொன்னாரோ அதே குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

"பேரு ராக்கம்மா. வயசு இருபத்தெட்டு. எடது காலு, மொழங்காலுக்குக் கீழ. பதினெட்டு நாளைக்கு முன்னாடி மண்வெட்டி பட்ட காயம். பெர்மாங்கனேட்டு போட்டுக் கழுவுனேன், கேக்கல. நாலு நாளா காச்சல். இன்னிக்குக் காலையில நூத்தி ரெண்டு. புருஷன் சயாம்ல இருக்கான், ரெண்டு புள்ளைங்க." கொஞ்சம் நிறுத்தி, "எலும்பத் தொட்டுடுச்சோன்னு எனக்குச் சந்தேகம். கால எடுக்க வேண்டி வருமோ என்னமோ" என்று முடித்தார்.

நீலாவதி குறுக்கே பேசாமல் கேட்டாள். ராக்கம்மாவை உள்ளே தூக்கிவந்து படுக்க வைத்துக் கட்டைப் பிரித்தாள். குனிந்து முகர்ந்தாள். கொதிக்க வைத்த கரண்டியை எடுத்து ஓரத்திலிருந்து மெல்லச் சுரண்டிக்கொண்டே உள்ளே போனாள். ராக்கம்மா அலறினாள். கணேசமூர்த்தி தானாகவே வந்து அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கண் மகளின் விரல்களை விட்டு நகரவில்லை.

கறுப்புச் சதை முழுக்க வந்தபின் அடியில் சிவப்பாக ரத்தம் கசிந்தது.

"எலும்பத் தொடலப்பா. ஒரு நூல் பாக்கி. இன்னும் நாலு நாள் போயிருந்தா தொட்டிருக்கும். கால எடுக்க வேண்டியதில்ல."

"நிச்சயமா சொல்றியா?"

"நிச்சயமா."

"கும்புடுறேன் மிசி" என்று முனகினாள் ராக்கம்மா. நர்ஸம்மாவை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எதிர் லயத்தில் பிறந்து வளர்ந்த பெண்தான் இது என்று வலியில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் மிஸ் லியோங் வந்தாள். புண்ணைக் குனிந்து பார்த்தாள், நீலாவதி கழுவியதை மறுபடி கழுவவில்லை, "கட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அந்த ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு டிரெஸ்ஸருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு கணேசமூர்த்தி மறுபடி வராந்தாவுக்கு வந்தார். நீலாவதி கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கரண்டி... அத எப்படித் தீட்டுனீங்க?"

"அரத்தால தீட்டிட்டு, கல்லுல வச்சுத் தேய்க்கணும்பா. முன்னாடி பக்கம் மட்டும். சுத்தித் தீட்டுனா நல்ல சதையையும் வெட்டிடும்."

"எனக்கு ஒண்ணு கெடைக்குமா? தோட்டத்துல இன்னும் ஒம்பது பேரு கெடக்குறாங்க."

மிஸ் லியோங்கைக் கேட்டுவிட்டு அவள் இரண்டு கரண்டிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். எந்தக் கோணத்தில் பிடிப்பது, எவ்வளவு உப்பு, எத்தனை நேரம் என்றெல்லாம் அவர் கேட்டார். அவள் சொன்னாள். இரண்டு தடவை அவர் மறுத்துப் பேசினார். ஒரு தடவை அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது, அவளும் ஒத்துக்கொண்டாள். வண்டி கிளம்ப ஒரு மணி நேரம் தாமதம் ஆனது.

*

அந்த வருஷமே சியோனானிலிருந்த அந்தக் கல்லூரி மலாக்காவுக்கு மாறிப் போயிற்று என்று கேள்விப்பட்டார்கள். அதைக் கேட்டதும் கணேசமூர்த்தி, "நீ சொன்னது சரியாப் போச்சு" என்றார். "கல்லூரி மாறும்னு நான் சொல்லலயேப்பா. போனவங்க படிச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்றாள் நீலாவதி. நாற்பத்தைந்தின் தொடக்கத்தில் அரிசி அறவே இல்லாமல் போனபோது, மயிலம்மாளின் பவுனில் பாதி உப்பாகவும் அரிசியாகவும் மாறிற்று. நான்கு வீட்டுப் பிள்ளைகள் அதைத் தின்று பிழைத்தார்கள்.

ஜப்பான்காரர்கள் போய், வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தபோது நீலாவதிக்கு இருபத்தொரு வயது. செரம்பான் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் ஒவ்வொரு நர்ஸையும் கூப்பிட்டு விசாரித்தார். அவளுடைய சான்றிதழை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்த ஜப்பானிய எழுத்தில் ஒன்றும் அவருக்குப் புரியவில்லை.

"இது செல்லாது, தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "மறுபடி பரீட்சை எழுத வேண்டும்."

"எழுதுகிறேன்" என்றாள்.

"எங்கே படித்தாய்?"

"இங்கேதான். செரம்பானில்." ஒரு வருஷம் படித்ததாகவும், பத்து மாதமாக வேலை பார்ப்பதாகவும், மூன்றாம் வார்டு தன் பொறுப்பில் இருப்பதாகவும் சொன்னாள். பரீட்சை எந்தத் தேதியில், என்னென்ன புத்தகம் வேண்டும் என்று அவளே கேட்டு எழுதிக்கொண்டாள்.

டாக்டர் வேறு ஏதாவது கேட்க இருக்கிறதா என்றார்.

"இருக்கிறது. மூன்றாம் வார்டில் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். புதிதாக வந்த மருந்துப் பெட்டிகளை இன்னும் யாரும் திறக்கவில்லை. சாவி யாரிடம் இருக்கிறது?"

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து சாவியைத் தேட ஆரம்பித்தார்.